ஒலிவத் தோட்டங்களில் மர வகைத் தேர்வு: ஒரு வரலாறு

ஒலிவம் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் முதன்மையான எண்ணெய் மரம். தமிழ் விவிலியத்தின் வழியாக ஒலிவம் என்றும், தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் ஜைத்தூன் என்றும், கடைகளில் ஆலிவ் என்றும் தமிழில் அறியப்படுகிறது. மல்லிகையும் ஒலிவமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நட்ட ஒலிவ மரம் பல நூற்றாண்டுகள் நிற்கக்கூடியது. ஆகவே தோட்டம் போடுபவர் எந்த வகையை நடுகிறார் என்பது அவருடைய பேரப்பிள்ளைகளின் காலத்தையும் தாண்டி நிற்கும் முடிவாகும். தவறான தேர்வு பல வேளைகளில் சில ஆண்டுகள் கழித்தும், சில வேளைகளில் சில தலைமுறைகள் கழித்துமே தெரியவரும். ஒலிவ வேளாண்மையின் வரலாற்றை இந்தத் தேர்வின் வரலாறாகவும் பார்க்க முடியும்.

மரத்தின் இயல்பு

ஒலிவம் வறட்சியைத் தாங்கும். கல்லும் சுண்ணாம்பும் கலந்த நிலத்திலும் வளரும். நீர் தேங்கும் நிலம் அதற்கு ஆகாது. நீண்ட வறண்ட கோடையும் மிதமான குளிர்காலமும் அதற்குத் தேவை. குளிர்காலத்தில் போதிய குளிர் கிடைக்காவிட்டால் மரம் தழைக்குமே தவிர, பூக்காது. வெப்பமண்டலச் சமவெளிகளில் ஒலிவம் வளர்ந்தும் காய்க்காமல் நிற்பதற்கு இதுவே முதற்காரணம். மறுபுறம், குளிர் மிகுந்து வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 7 முதல் 10 பாகை வரை இறங்கினால் கிளைகள் கருகத் தொடங்கும். கடுங்குளிர் நீடித்தால் மரம் தரைமட்டம் வரை பட்டுப்போகும். பூப்பதற்கு வேண்டிய குளிருக்கும் மரத்தைக் கொல்லும் குளிருக்கும் இடைப்பட்ட வெளியில்தான் ஒலிவத் தோட்டங்கள் அமைகின்றன.

மகரந்தம் காற்றின் வழியாகப் பரவுகிறது. பல வகைகள் தம் சொந்த மகரந்தத்தால் நன்றாகக் காய்ப்பதில்லை. அருகில் வேறொரு வகை இருந்தால்தான் காய்ப்புக் கூடும். பூக்கும் ஆயிரக்கணக்கான பூக்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டே காயாக நிலைக்கின்றன. மாமரத்தைப் போலவே ஒலிவமும் ஓராண்டு நிறையக் காய்த்தால் மறு ஆண்டு குறைவாகக் காய்க்கும்.

காயின் பயன்பாட்டைப் பொறுத்தும் வகைகள் பிரிகின்றன. எண்ணெய்க்கான வகைகளில் காய் சிறியதாக இருந்தாலும் எண்ணெய் மிகுந்திருக்கும். ஊறுகாய்க்கான வகைகளில் சதைப்பற்று அதிகம், கொட்டை எளிதில் பிரியும். எந்த வகையாயினும் மரத்திலிருந்து பறித்த காயை அப்படியே உண்ண முடியாது. அதன் கடுங்கசப்பை உப்புநீரிலோ காரநீரிலோ ஊறவைத்து நீக்க வேண்டும்.

காட்டு மரத்திலிருந்து தோட்ட மரத்துக்கு

ஒலிவத்தின் காட்டு இனம் இன்றும் மத்தியதரைக் கரையோரப் புதர்க்காடுகளில் காணப்படுகிறது. அதன் காய் சிறியது, எண்ணெய் குறைவு, கிளைகளில் முள் இருக்கும். இசுரேலின் கார்மேல் கடற்கரையை ஒட்டிக் கடலில் மூழ்கியுள்ள கபர் சமீர் என்னும் தொல்லிடத்தில், நசுக்கிய ஒலிவக் கொட்டைகள் பெருமளவில் கிடைத்தன. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு எண்ணெய் எடுக்கப்பட்டதற்கு இவை சான்று. யோர்தான் பள்ளத்தாக்கின் தெல் சாப் என்னும் தொல்லிடத்தில் கிடைத்த ஒலிவ மரக்கரி, காட்டு ஒலிவம் இயல்பாக வளராத இடத்தில் மனிதர்கள் அதை நட்டு வளர்த்ததைக் காட்டுகிறது. அதன் காலமும் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கணிக்கப்படுகிறது.

விதையிலிருந்து முளைக்கும் ஒலிவம் தாய்மரத்தைப் போல இருப்பதில்லை. பெரும்பாலான நாற்றுகள் காட்டு மரத்தின் இயல்புக்கே திரும்பிவிடும். காய்க்கத் தொடங்கவும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். ஆகவே நன்றாகக் காய்த்த ஒரு மரத்தைக் கண்ட தொடக்ககால உழவர், அதன் கிளையைப் போத்தாக வெட்டி நட்டோ, அடிமரத்துப் புடைப்பைப் பெயர்த்து நட்டோ, வேர்க்கன்றைப் பிரித்து வைத்தோ அம்மரத்தையே பெருக்க வேண்டியிருந்தது. காட்டு மரத்தில் நல்ல மரத்தை ஒட்டுக்கட்டும் முறை பின்னர் வந்தது. இன்று ஒரு பெயரால் அழைக்கப்படும் வகை பெரும்பாலும் என்றோ ஒருவர் தேர்ந்தெடுத்த ஒற்றை மரத்தின் தொடர்ச்சியே. அதன் நன்மைகளைப் போலவே அதன் குறைகளும் எல்லாக் கன்றுகளுக்கும் ஒன்றாகவே செல்கின்றன.

கிரேக்கம்

ஏதென்சு நகரில் ஒலிவம் சட்டத்தின் காவலில் இருந்தது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டம் வகுத்த சோலோன், விளைபொருட்களில் எண்ணெயை மட்டுமே வெளிநாட்டுக்கு விற்க அனுமதித்ததாகப் புளூட்டார்க் குறிப்பிடுகிறார். மற்ற மரங்களை அண்டை நிலத்தின் எல்லையிலிருந்து 5 அடி தள்ளியும், அத்தியையும் ஒலிவத்தையும் 9 அடி தள்ளியும் நடவேண்டும் என்பதும் அவர் விதி. இவற்றின் வேர் நெடுந்தூரம் பரவும் என்பது அதற்குக் காரணம்.

தனியார் நிலத்தில் நின்றாலும் அரசுக்குரியவையாகக் கருதப்பட்ட புனித ஒலிவ மரங்கள் ஏதென்சில் இருந்தன. அத்தகைய மரம் ஒன்றின் அடிக்கட்டையைப் பெயர்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காக, கி.மு. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிசியாசு எழுதிய வாதம் கிடைத்துள்ளது. மரம் பட்டு அடிக்கட்டை மட்டுமே எஞ்சியிருந்தாலும் அதைக் காத்ததற்குக் காரணம் உண்டு. ஒலிவம் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். கி.மு. 480இல் பாரசீகர் அக்ரோபொலிசை எரித்த மறுநாளே அங்கிருந்த ஒலிவம் ஒரு முழம் துளிர்விட்டதாக எரோடோட்டசு எழுதியுள்ளது இந்த இயல்பை ஒட்டி எழுந்த கதையாகும்.

தாவரங்களைப் பற்றி விரிவாக எழுதிய தியோபிராசுடசு, ஒலிவக் கொட்டையிலிருந்து காட்டு ஒலிவமே முளைக்கும் என்பதைப் பதிவு செய்தார். கடலிலிருந்து 300 இசுடேடியாவுக்கு, அதாவது ஏறத்தாழ 55 கிலோமீட்டருக்கு, அப்பால் ஒலிவம் வளராது என்ற கருத்தும் அவர் காலத்தில் நிலவியது. இது பிழையானது. கடலோரம் குளிர் மிதமாக இருப்பதைக் கண்டவர்கள் அதைத் தூரக் கணக்காக்கியுள்ளனர்.

ரோமானிய வேளாண் நூல்கள்

எந்த நிலத்துக்கு எந்த வகை என்ற கேள்விக்கு எழுத்தில் கிடைக்கும் பழைய விடைகளுள் ஒன்று, கி.மு. 160ஐ ஒட்டி மார்க்கசு கேட்டோ எழுதிய வேளாண் நூலில் உள்ளது. வெப்பமான வளமான நிலத்துக்கு ஊறுகாய் ஒலிவம், சலென்டைன், செர்கியன், கொல்மினியன் முதலிய வகைகளைப் பட்டியலிட்டு, அவற்றில் அந்தப் பகுதி மக்கள் எதைச் சிறந்தது என்கிறார்களோ அதையே மிகுதியாக நடும்படி அவர் கூறுகிறார். குளிர்ந்த மெலிந்த நிலத்துக்கு லிசினியன் வகை ஏற்றது. அதே வகையை வளமான இடத்தில் நட்டால் விளைச்சல் கெடும், மரம் காய்த்தே நலியும், செம்பாசி பிடிக்கும் என்று எச்சரிக்கிறார். இடைவெளி 25 அல்லது 30 அடி. மேற்குக் காற்றை நோக்கி, வெயில் படும்படி உள்ள நிலமே ஒலிவத்துக்கு நல்லது என்பது அவர் முடிவு.

240 யூகெரா, அதாவது ஏறத்தாழ 60 எக்டேர், அளவுள்ள ஒலிவத் தோட்டத்துக்கு மேற்பார்வையாளரும் அவர் மனைவியும் உட்பட 13 பேர் தேவை எனக் கேட்டோ கணக்கிடுகிறார். அவர்களில் ஏரோட்டிகளும் ஆட்டிடையரும் பன்றி மேய்ப்பவரும் உண்டு. ஒலிவ மரங்களுக்கு இடையே உழவும் மேய்ச்சலும் நடந்ததை இது காட்டுகிறது. தோட்ட வேலையின் பெரும்பகுதியை அடிமைகளே செய்தனர்.

கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய கொலுமெல்லா, வகைகள் பல இருந்தாலும் தாம் அறிந்தவை பத்து என்கிறார். ஊடுபயிராகத் தானியம் விதைக்கும் வளமான நிலத்தில் ஒருபுறம் 60 அடியும் மறுபுறம் 40 அடியும் இடைவெளி விடவும், மெலிந்த நிலத்தில் 25 அடி விடவும் சொல்கிறார். ஒன்றரை அடிப் போத்துகளை நாற்றங்காலில் வளர்த்துப் பின் நிலத்துக்கு மாற்றும் முறையையும் விளக்குகிறார். ஓராண்டு விட்டு ஓராண்டு காய்க்கும் சிக்கலுக்கு அவர் கண்ட வழி, தோட்டத்தை இரு பாதியாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு பாதி காய்க்கும்படி வைப்பதாகும். ரோமானியர் காலத்தில் எசுப்பானியாவின் பேட்டிக்காவும் வட ஆப்பிரிக்காவும் பெரும் எண்ணெய் ஏற்றுமதிப் பகுதிகளாயின. எசுப்பானிய எண்ணெய்ச் சாடிகளின் உடைந்த ஓடுகள் குவிந்து உருவான மொன்டே டெசுடாச்சியோ குன்று ரோமில் இன்றும் உள்ளது.

கடல் கடந்த கன்றுகள்

எசுப்பானியர் அமெரிக்கக் கண்டத்தில் குடியேறியபோது ஒலிவத்தையும் கொண்டுசென்றனர். 1560இல் அந்தோனியோ தெ ரிவேரா என்பவர் செவில்லிலிருந்து பெருவின் லிமாவுக்குக் கன்றுகளைக் கொண்டுவந்தார். நூறுக்கும் மேற்பட்ட கன்றுகளில் மூன்று மட்டுமே பிழைத்ததாக இன்கா கார்சிலாசோ தெ லா வேகா 1609இல் வெளியான நூலில் எழுதுகிறார். வேலியிட்ட தோட்டத்தில் அடிமைகளையும் நாய்களையும் காவல் வைத்தும், அவற்றில் ஒன்று திருடப்பட்டுச் சிலி நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்கிறது அவர் பதிவு. லிமாவின் சான் இசித்ரோ பகுதியில் எல் ஒலிவார் என்னும் பூங்காவில் பழைய ஒலிவ மரங்கள் இன்றும் நிற்கின்றன.

கலிபோர்னியாவில் 1769இல் சான் தியேகோ மிசன் நிறுவப்பட்ட பின், பிரான்சிசுகன் துறவியர் மிசன்தோறும் ஒலிவம் நட்டனர். அந்த மரங்களின் வழிவந்த வகைக்கு மிசன் என்றே பெயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எண்ணெய்க்காகப் பெருந்தோட்டங்கள் போடப்பட்டன. ஆனால் இறக்குமதி எண்ணெயோடும் மலிவான பிற தாவர எண்ணெய்களோடும் அவை போட்டியிட முடியவில்லை. 1890களின் இறுதியில் பிரீடா ஏமன் என்ற பெண்மணி, கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் யூஜின் இல்கார்டின் உதவியோடு பழுத்த ஒலிவத்தைப் பதப்படுத்தும் முறையை வீட்டில் முயன்று, அதைத் தொழிலாக வளர்த்தார். இதன் பின் கலிபோர்னியத் தோட்டங்கள் எண்ணெயிலிருந்து ஊறுகாய்க் காய்க்கு மாறின. மன்சனில்யோ, செவில்யானோ போன்ற பெருங்காய் வகைகள் முதலிடம் பெற்றன. நிலமும் வானிலையும் மாறவில்லை. சந்தை மாறியதால் வகை மாறியது.

உறைபனி ஆண்டுகள்

வடக்கு எல்லையில் உள்ள தோட்டங்களுக்குக் குளிரே தேர்வாளர். 1709ஆம் ஆண்டின் கடுங்குளிர் தென் பிரான்சின் ஒலிவத் தோட்டங்களைப் பெரிதும் அழித்தது. 1956 பிப்ரவரியில் அது மீண்டும் நடந்தது. அவ்வாண்டு சனவரி மிதமாக இருந்ததால் மரங்களில் சாறு ஓடத் தொடங்கியிருந்தது; அதன் மீது திடீரென உறைபனி விழுந்து பட்டைகள் பிளந்தன. புரோவென்சின் உழவர் பலர் ஒலிவத்தைக் கைவிட்டுத் திராட்சைக்கு மாறினர். நியோன்சு பகுதியின் தான்சு போன்ற குளிர் தாங்கும் வகைகளின் மதிப்பு உயர்ந்தது.

இத்தாலியின் தொசுகானாவில் 1985 சனவரியில் இதே அழிவு நேர்ந்தது. சனவரி 12 அன்று புளோரன்சு விமான நிலையத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 23.2 பாகையாகப் பதிவானது. அப்பகுதியின் மரங்கள் பெரும்பாலும் தரையோடு வெட்டப்பட்டன. அடிக்கட்டையில் எழுந்த துளிர்களில் சிலவற்றை விட்டு மற்றவற்றைக் கழித்து, பல தோட்டங்களை மீட்டனர். இன்று தொசுகானாவில் ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டுகள் எழும் மரங்கள் பலவாகக் காணப்படுவது இதனால்தான். சொந்த வேரில் நின்ற மரம் மீண்டும் அதே வகையாகவே எழுந்தது. ஒட்டுமரத்திலோ, ஒட்டுக்குக் கீழே எழுந்த துளிர் வேர்க்கட்டையின் இயல்பையே கொண்டிருக்கும். அதில் மறுபடியும் ஒட்டுக்கட்ட வேண்டும். பிரான்தோயோ, மொராயோலோ, லெச்சினோ என்ற தொசுகானாவின் வழக்கமான கலவையில் குளிரை நன்றாகத் தாங்குவது லெச்சினோ. பென்தொலினோ வகை மகரந்தத்துக்காக இடையிடையே நடப்படுவது.

நாற்றங்காலும் நெருக்க நடவும்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கன்று உருவாக்குவது மெதுவான வேலையாகவே இருந்தது. பருத்த போத்து ஒன்றுக்கு ஒரு மரமே கிடைக்கும். இலையோடு கூடிய சிறு தண்டுகளை வேரூக்கி மருந்தில் நனைத்து, பனித்துளி போல் நீர் தெளிக்கும் கூடத்தில் வேர்பிடிக்கச் செய்யும் முறை இதை மாற்றியது. கலிபோர்னியாவின் அட்சன் ஆர்ட்மன் இத்துறையில் முன்னோடி ஆய்வாளர்களுள் ஒருவர். ஒரே வகையில் இலட்சக்கணக்கான கன்றுகளைச் சில ஆண்டுகளில் உருவாக்குவது இதனால் இயன்றது.

அதே காலத்தில் வகைகளைத் திரட்டிப் பாதுகாக்கும் முயற்சியும் தொடங்கியது. 1959இல் சர்வதேச ஒலிவ மன்றம் மாட்ரிட் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது. 1970இல் எசுப்பானியாவின் கோர்தோபாவில் உலக ஒலிவ வகை வங்கி தொடங்கப்பட்டது. ஒரே மரம் ஊருக்கு ஒரு பெயரிலும், வெவ்வேறு மரங்கள் ஒரே பெயரிலும் வழங்குவதை இத்தகைய தொகுப்புகளில் மரபணுச் சோதனை வெளிப்படுத்தியது.

மழையை நம்பிய பழைய தோட்டங்களில் எக்டேருக்கு நூறு மரங்களோ அதற்கும் குறைவோ இருக்கும். 1990களில் கத்தலோனியாவில் தொடங்கிய மிக நெருக்க நடவில் எக்டேருக்கு 1,500 மரங்களுக்கு மேல் வேலி போல வரிசையாக நடப்படுகின்றன. திராட்சை அறுவடைக்கு உரிய உயரமான எந்திரம் வரிசையின் மேலேறி காய்களை உதிர்த்துச் செல்லும். இம்முறைக்குக் குட்டையாக வளர்ந்து மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும் வகைகளே பொருந்தும். ஆர்பெக்கா என்னும் ஊரின் பெயர் தாங்கிய ஆர்பெக்வினா, ஆர்போசானா, கிரேக்கத்தின் கொரோனைக்கி ஆகியவை அவ்வாறு தேர்வாகி உலகெங்கும் பரவின. நூற்றுக்கணக்கான வகைகள் உள்ள ஒரு பயிரில், புதிய தோட்டங்கள் சில வகைகளுக்குள் சுருங்கின.

இந்தியாவில் இராசத்தான் அரசு இசுரேலியத் தொழில்நுட்பத்தோடு 2008ஐ ஒட்டிச் சொட்டுநீர்ப் பாசன ஒலிவத் தோட்டங்களைத் தொடங்கியது. இசுரேலில் உருவான பார்னியாவோடு ஆர்பெக்வினா, கொரட்டினா, கொரோனைக்கி முதலியவை அங்கு நடப்பட்டன. 2014இல் பிகானேர் மாவட்டத்தின் லூன்கரன்சரில் எண்ணெய் ஆலை திறக்கப்பட்டது.

சலென்டோவின் அழிவு

ஒலிவ வகைத் தேர்வின் அண்மைக்கால வரலாற்றில் மிகக் கடுமையான நிகழ்வு இத்தாலியின் தென்கோடியான சலென்டோவில் நடந்தது. கேட்டோவின் பட்டியலில் உள்ள சலென்டைன் வகையின் பெயர் இந்தப் பகுதியிலிருந்து வந்ததே. இங்குள்ள கல்லிப்போலித் துறைமுகம் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களுக்கு விளக்கெண்ணெயாக ஒலிவ எண்ணெயை ஏற்றுமதி செய்தது. பாறையைக் குடைந்து அமைத்த நிலத்தடிச் செக்குகள் பல ஊர்களில் இன்றும் உள்ளன. விளக்கெரிக்கும் எண்ணெய்க்குச் சுவை தேவையில்லை. ஆகவே ஒலியரோலா சலென்தீனா, செல்லீனா தி நார்தோ என்ற இரு வகைகள் ஓங்கி வளரவிடப்பட்டன. தானே உதிர்ந்த காய்கள் தரையிலிருந்து பொறுக்கப்பட்டன. இவ்விரு வகைகளே நிலப்பரப்பை நிறைத்தன.

2013 அக்டோபரில், கல்லிப்போலியை அடுத்த தோட்டங்களில் கருகிக்கொண்டிருந்த மரங்களில் சைலெல்லா பாசுடிடியோசா என்னும் பாக்டீரியா இருப்பது உறுதியானது. இது மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். செடிகளில் நுரை கட்டி வளரும் ஒரு சிறு பூச்சி இதை மரத்துக்கு மரம் கொண்டுசெல்கிறது. நடு அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான அழகுச்செடி ஒன்றின் வழியாக, பெரும்பாலும் காப்பிச் செடியின் வழியாக, இது வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

ஐரோப்பிய ஆணையம் 2015இல் வெளியிட்ட விதியின்படி, பரவலைத் தடுக்கும் எல்லைப்பகுதிகளில் நோயுற்ற மரத்தையும் அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் உள்ள, நோய் தொற்றக்கூடிய செடிகளையும் அகற்ற வேண்டியிருந்தது. பாட்டன் பூட்டன் காலத்து மரங்களை, அதுவும் நோய் தெரியாமல் பசுமையாக நின்றவற்றை, வெட்ட மக்கள் மறுத்தனர். சாலை மறியல்கள் நடந்தன. 2015 டிசம்பரில் லெச்சே அரசு வழக்கறிஞர்கள் மரம் வெட்டுவதை நிறுத்தி, நோயை ஆய்ந்த அறிவியலாளர்கள் மீதே விசாரணை தொடங்கினர். 2016இல் ஐரோப்பிய நீதிமன்றம் அகற்றும் விதியைச் செல்லும் என்றது. 2019இல் அறிவியலாளர்கள் மீதான வழக்கு கைவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் நோய் வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. சலென்டோவின் தோட்டங்கள் சாம்பல் நிறக் கட்டைகளாக நின்றன.

கருகிய தோட்டங்களுக்கு நடுவே சில மரங்கள் பசுமையாக இருந்ததை உழவரும் ஆய்வாளரும் கவனித்தனர். அவற்றுள் லெச்சினோ வகை மரங்கள் இருந்தன. தொசுகானாவில் குளிர் தாங்கியதற்காக மதிக்கப்பட்ட அதே வகை அது. பிரான்தோயோவின் நாற்றிலிருந்து இத்தாலிய ஆய்வாளர்கள் உருவாக்கிய எப்.எசு.17 என்னும் வகையும் நோயைத் தாங்கியது. இவ்வகைகளில் பாக்டீரியா நுழைந்தாலும் மிகக் குறைவாகவே பெருகுகிறது. முதலில் தடைசெய்யப்பட்டிருந்த மறுநடவு, பின்னர் இவ்விரு வகைகளுக்கு அனுமதிக்கப்பட்டது. சிலர் பழம்பெரும் மரங்களின் கிளைகளில் லெச்சினோவை ஒட்டுக்கட்டி அடிமரத்தைக் காப்பாற்ற முயல்கின்றனர்.

ஆனால் இதிலும் பழைய கேள்வி தொடர்கிறது. இரு வகைகளை மட்டும் நம்பியிருந்த நிலம், முதலில் மறுபடியும் இரு வகைகளைக் கொண்டே நிரப்பப்பட்டது. இதனால் நோய் பரவிய தோட்டங்களில் தானாக முளைத்து நோயின்றி நிற்கும் நாற்றுகளைத் தேடி ஆய்வாளர்கள் சோதித்து வருகின்றனர். பல்லாயிரம் ஆண்டுகளாக உழவர் ஒதுக்கிவந்த விதைக்கன்று, புதிய வகைகளுக்கான மூலமாக இப்போது பார்க்கப்படுகிறது.

தேர்வில் கருதப்படுபவை

இன்று ஒலிவத் தோட்டம் போடுவோர் பொதுவாக நான்கு செய்திகளைக் கருதுகின்றனர். முதலாவது, அந்த இடத்தின் குளிர்காலம் பூப்பதற்குப் போதுமா, மரத்தைக் கொல்லுமா என்பது. இரண்டாவது, காய் எண்ணெய்க்கா ஊறுகாய்க்கா என்பது. மூன்றாவது, ஒரே காலத்தில் பூத்து மகரந்தம் தரும் துணை வகை அருகில் உள்ளதா என்பது. நான்காவது, அப்பகுதியில் உள்ள நோய்களை அந்த வகை தாங்குமா என்பது. எடுத்துக்காட்டாக, எசுப்பானியாவில் மிகுதியாக நடப்பட்டுள்ள பிகுவல் வகை மண்ணில் வாழும் வாடல் நோய்ப் பூஞ்சைக்கு எளிதில் இரையாகும். பிரான்தோயோ அதைத் தாங்கும். இவற்றோடு, அந்தப் பகுதியில் நெடுங்காலமாகக் காய்த்துவரும் மரம் எது என்பதைக் கேட்டறிந்து நடவேண்டும் என்ற கேட்டோவின் விதியும் வழக்கில் உள்ளது. ஒரே வகையை மட்டும் நடாமல் சிலவற்றைக் கலந்து நடுவது சலென்டோவுக்குப் பின் அந்த விதியோடு சேர்க்கப்படும் திருத்தமாகும்.